முப்பத்திரண்டாவது சீட்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனி இருந்தது மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இருநூறு கட்டடங்களின் லிஃப்டுகளை ஓட வைப்பவர்கள் தங்கள் ஆபீசுக்குப் படியேறித்தான் வருவார்கள். புதிதாக வரும் வாடிக்கையாளர் யாராவது மூச்சு வாங்க நின்று இதைக் கேட்டுவிட்டால், "பாத்தீங்களா, லிஃப்ட் சரியில்லன்னா எவ்வளவு கஷ்டம்னு இப்பப் புரியுதில்ல" என்று முதலாளி அதையும் வியாபாரமாக்கிவிடுவார்.

அந்தப் படிகளை இருபது வருடமாக ஏறி இறங்கியவள் சாவி அக்கா. டெலிபோன் எடுக்கும் வேலைக்கு இருபத்திரண்டு வயதில் வந்தவள். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் கட்டடங்களின் மெஷின் ரூம் சாவிகள் வரிசையாகத் தொங்கும். வருகிற மெக்கானிக் எல்லாம் "அக்கா, சாவி" என்று கையை நீட்ட, ஒரு வருடத்திற்குள் அதுவே திரும்பி நின்று அவள் பெயராகிவிட்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய உண்மைப் பெயர் புழங்கவில்லை.

பிறகு காலம் மாறியது. புதிய லிஃப்டுகளின் கண்ட்ரோல் பெட்டியில் சின்னத் திரை வந்தது. அது சாவிக்கு மசியாது, ரகசிய எண் கேட்கும். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஓர் எண். எல்லாவற்றையும் சாவி அக்கா பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஒருமுறை அந்த நோட்டு இரண்டு நாள் காணாமல் போய், டீக்கடை பெஞ்சுக்கு அடியில் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் கம்பெனிகளுக்கென்றே விற்கிற ஒரு பாஸ்வேர்டு மென்பொருளை வாங்கினார். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. ஆபீசில் எல்லோரும் அதை லாக்கர் என்றார்கள்.

லாக்கரைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு சாவி அக்காவிடமே வந்தது. அவள் ஒரு வாரம் லீவு போடாமல், பக்கம் பக்கமாகப் படித்து அதைக் கற்றாள். ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளே இரண்டு அறைகள். ஒன்று பொது, லிஃப்டுகளின் எண்கள் அதில் இருக்கும். இன்னொன்று சொந்த அறை. அதில் அவனவன் தன் பாஸ்வேர்டுகளையோ குறிப்புகளையோ போட்டு வைத்துக்கொள்ளலாம். சொந்த அறையை அக்காவாலும் திறக்க முடியாது. அவளுக்குத் தெரிவதெல்லாம் பெயர்ப் பட்டியல்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கும். ஆள் உள்ளே இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல் என்று ஒரு புள்ளி. கடைசியாக வந்து போன தேதி. சொந்த அறையில் எத்தனை பொருள் இருக்கிறது என்ற எண்ணிக்கை.

பட்டியலின் கடைசிப் பெயர் அவள் தம்பியுடையது. புள்ளி சாம்பல். பொருள் பதினான்கு. கடைசியாக வந்த தேதி, மூன்று வருடத்திற்கு முந்தைய ஒரு திங்கட்கிழமை.

தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அவள் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான். பிறகுதான் கைப்பையைக் கழற்றி வைப்பாள்.

அவளைவிட ஒன்பது வயது சிறியவன் தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அவனைப் பள்ளிக்கூடத்திற்குக் கூட்டிப் போனதிலிருந்து, தொழில் படிக்க வைத்து, முதலாளியிடம் சொல்லி மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டது வரை எல்லாம் அவள்தான். கைவேலையில் அவன் புலி. மாட்டிக்கொண்ட லிஃப்டின் கதவில் காதை வைத்தே எந்தச் சக்கரம் அழுகிறது என்று சொல்லுவான். லாக்கர் வந்த புதிதில், ஒவ்வொருவரும் ஆபத்து அவசரத்துக்கு ஒரு ஆளின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்று அவள் படிவம் நீட்டியபோது, அவன் அவள் பெயரையே எழுதினான்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உள்ள இருக்கற காதல் கடிதமெல்லாம் உனக்குத்தான்க்கா. பத்திரமா படி."

"எவ எழுதினது?"

"எவளும் எழுதல. அதான் ரகசியம்."

அப்படிப்பட்டவன் போனது லைசென்ஸ் ஒன்றால்.

அந்த மென்பொருளை ஆள் கணக்கில் விற்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு சீட். ஆனால் சில்லறையாகத் தரமாட்டார்கள். இருபத்தைந்து சீட், இல்லாவிட்டால் ஐம்பது. கம்பெனியில் அப்போது இருபத்தாறு பேர். அந்த ஒரே ஒருவனுக்காக இன்னொரு இருபத்தைந்தை வாங்க வேண்டும். ஒரு சீட்டின் வருட விலை ஒரு மெக்கானிக்கின் இரண்டு நாள் கூலி. இருபத்தைந்து சீட் என்றால் ஐம்பது நாள் கூலி காற்றில் போகும். அக்காவுக்கு மனசு வரவில்லை. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். புதிதாகச் சேர்ந்திருந்தவன் ஒரு ஒல்லி மெக்கானிக். மெஷின் ரூம் வாசலிலெல்லாம் தலையை இடித்துக்கொள்வதால் அவனுக்கு நெட்டை என்று பெயர். "கொஞ்ச நாளைக்கு நீயும் இவனும் ஒரே சீட்ல போங்கடா" என்று தம்பியின் பாஸ்வேர்டை நெட்டைக்கும் கொடுக்க வைத்தாள். லைசென்ஸ் விதியில் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த வேலை அது. முதலாளியிடம் விவரம் சொல்லவில்லை. இருபத்தைந்திலேயே சமாளித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். "கெட்டிக்காரிம்மா நீ" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

நான்கு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைப் பழுது பார்க்கும் நிலையில் போட்டவன், அதை அப்படியே விட்டுப் போய்விட்டான். ஒரு கர்ப்பிணிப் பெண் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டாள். நல்லவேளையாக அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் முதலாளி சாவி அக்காவைப் பார்த்து, "நேத்து அந்தக் கட்டடத்து எண்ணை யார் எடுத்தாங்கன்னு லாக்கர்ல பாத்து சொல்லும்மா" என்றார். அவள் தாளில் எடுத்து வந்தாள். அதில் இருந்தது தம்பியின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தம்பி வீட்டில் மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியும். டியூட்டியில் இருந்தது நெட்டை என்பதும் தெரியும். முதலாளி எல்லோர் முன்னாலும் தம்பியைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார். தம்பி வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். சீட்டைப் பங்கு போட்டது வெளியே வந்தால் தன் வேலை போகும், வீடு என்ன ஆகும் என்று அந்த நிமிடத்தில் அவள் மனம் போட்ட கணக்கு அவ்வளவுதான். நெட்டை சுவரோடு சுவராக நின்றான்.

தம்பி மதியமே கருவிப் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கினான். இரண்டு வாரத்தில் வீட்டிலிருந்தும் கிளம்பிவிட்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "வேலை கெடச்சிருக்கு, தூரம்" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னான். பழைய போன் எண் செத்துப்போயிற்று. கடல் தாண்டிப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

அவன் போன அன்றே, பொது அறையிலிருந்து அவனை நீக்கினாள் அக்கா. லிஃப்ட் எண் ஒன்றுகூட அவன் கைக்கு எட்டாது. வேலையில் அவள் அவ்வளவு சுத்தம். ஆனால் சொந்த அறையையும் சீட்டையும் அவள் தொடவில்லை. அடுத்த மாதமே ஆட்கள் கூடி ஐம்பது சீட் வாங்க வேண்டி வந்தது. அதில் பத்தொன்பது சும்மா கிடந்தன. ஒன்றில் தம்பி இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம். அவனுடைய சொந்த மின்னஞ்சலுக்கு நான்கு கடிதம் எழுதினாள். அம்மாவின் முழங்கால் வலி, அவன் பிரித்துப் போட்ட மின்விசிறி இன்னும் சத்தம் போடுவது, எல்லாம் எழுதினாள். எழுத வேண்டியதை எழுதவில்லை. பதிலும் வரவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு லாக்கர் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் புள்ளி தெரியும். ஒருநாள் அழுதுகொண்டே இருந்த அம்மாவைத் தேற்றுவதற்காக, "அவன் வந்தா புள்ளி பச்சையாகும்மா, நான் தினம் பாத்துட்டுதான் இருக்கேன்" என்று அக்கா சொல்லி வைத்தாள். அதிலிருந்து, மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவின் கேள்வி வந்துவிடும்.

"இன்னைக்குப் பச்சையாச்சாடி?"

"இல்லம்மா."

"சரி, கையக் கழுவிட்டு வா."

இப்படியே மூன்று வருடம் போன பிறகுதான் அந்த விற்பனைக்காரர் போன் செய்தார். லைசென்ஸ் முடிய இன்னும் நாற்பது நாள் இருந்தது. குரலை வைத்துப் பார்த்தால் இளவயது. வாக்கியத்திற்கு ஒரு மேடம் போடுவார்.

"இந்த வருஷத்துல இருந்து இருபத்தஞ்சு, அம்பதெல்லாம் கிடையாது மேடம். தலைக்கு இவ்வளவுன்னு மாத்திட்டாங்க."

"இதை மூணு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?"

"மேடம்?"

"ஒண்ணுமில்ல. முப்பத்தோரு தலை. போட்டுக்குங்க."

"உங்க பட்டியல்ல முப்பத்திரண்டு காட்டுது மேடம். ஒருத்தர் மூணு வருஷமா உள்ளயே வரல. அவரைத் தூக்கிட்டீங்கன்னா உங்களுக்குத்தான் மிச்சம்."

"விக்கறதுதானே உங்க வேலை. தூக்கறதை நான் பாத்துக்கறேன்."

விற்பனைக்காரர் சிரித்துச் சமாளித்தார். பிறகு விலை சொன்னார். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பழைய விலையைப் போல ஒன்றரை மடங்கு. கூடவே ஒரு மாற்று வழியும் சொன்னார். இப்போது கம்பெனி வைத்திருப்பது முழுத் திட்டம். அடிப்படைத் திட்டத்திற்கு இறங்கினால் விலை பாதி.

"எறங்கினா எதெல்லாம் போகும்?"

"பெருசா ஒண்ணும் போகாது மேடம். அவசர அனுமதின்னு ஒண்ணு இருக்கு, அது போயிடும். அதை யாரும் உபயோகிக்கறதே இல்ல."

அக்கா அதை உபயோகித்ததில்லை. ஆனால் மூன்று வருடமாக அதை மனசுக்குள் எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒருவன் தன் அவசர ஆளாக யாரைச் சொல்லியிருக்கிறானோ, அவர் அவனுடைய சொந்த அறையைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டதும் அறைக்குச் சொந்தக்காரனுக்குச் செய்தி போகும். அவன் உள்ளே வந்து 'சரி' என்று அழுத்தினால் உடனே திறக்கும். 'கூடாது' என்று அழுத்தினால் திறக்காது. ஏழு நாள் எதுவுமே அழுத்தாவிட்டால், அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு தானாகத் திறந்துவிடும்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளை இத்தனை நாள் கேட்கவிடவில்லை. கூடாது என்று சொன்னால் தன்னை வேண்டாம் என்கிறான். ஒன்றுமே சொல்லாமல் அறை திறந்துகொண்டால், அதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் இருக்கும் வரை இரண்டும் இல்லை.

முதலாளிக்குக் கொடுப்பதற்காக இரண்டு திட்டங்களையும் ஒப்பிட்டு ஒரு தாள் தயாரித்தாள். முழுத் திட்டம்தான் நமக்கு நல்லது என்று ஒரு வரி எழுதினாள். பிறகு அதை அடித்தாள். முப்பத்தோரு பேர் உள்ள கம்பெனிக்கு அடிப்படைத் திட்டமே தாராளம். அது அவளுக்கே தெரிந்தபோது வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை. ஒருமுறை தாளில் உண்மை இருப்பதைப் போலக் காட்டிவிட்டு அவள் பட்டது போதும். "அடிப்படையே போதும்மா" என்று முதலாளி ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அன்று மதியம், மெக்கானிக்குகள் எல்லாம் வெளியே போயிருந்தபோது, தம்பியின் பெயருக்கு நேரே இருந்த 'அவசர அனுமதி கேள்' என்பதை அழுத்தினாள். லைசென்ஸ் முடிய முப்பத்தெட்டு நாள்.

முதல் நாள் புள்ளி சாம்பல். இரண்டாம் நாள் சாம்பல். மூன்றாம் நாள் வேலையே ஓடவில்லை. வேறொரு கட்டடத்தின் சாவியை எடுத்துக் கொடுத்து, ஒரு மெக்கானிக் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தான். "என்னக்கா, சாவி அக்காவே சாவிய மாத்திக் குடுத்தா நாங்க எங்க போறது" என்றான். நான்காம் நாள் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே கை கழுவப் போய்விட்டாள்.

ஆறாம் நாள், காலை பதினொன்றே முக்கால் இருக்கும். போனில் யாருக்கோ பழுது நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் திரையில் இருந்தது. கடைசி வரியில் புள்ளி பச்சையாயிற்று.

எதிர்முனையில் இருந்தவர் ஹலோ ஹலோ என்றார். அவள் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். நான்கு நிமிடம் பச்சை இருந்தது. பிறகு சாம்பல். அதன் பிறகு ஒரு செய்தி வந்தது: உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது.

இருக்கிறான். அவன் விரல் எங்கோ ஓரிடத்தில், வெயிலோ மழையோ, அந்த ஒரு சொல்லை அழுத்தியிருக்கிறது. மூன்று வருடத்தில் தம்பி அவளிடம் சொன்ன முதல் வார்த்தை கூடாது. அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அழுகை தீரும் வரை நின்றாள்.

சாயங்காலம் அம்மா கேட்பதற்கு முன்பே, "பச்சையாச்சும்மா" என்றாள்.

அம்மா அடுப்பை அணைத்தாள். "எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷம் உக்காந்திருக்கானா" என்றாள் அம்மா. ஏதோ பிள்ளை வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி. "என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. வேலையா இருக்கான் போல."

அந்தப் பொய்க்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் கூடாது என்றான் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். யோசிக்க ஒன்றும் இல்லை. அவன் பொருளைக் கேட்டாளே தவிர, அவனுக்குத் தர வேண்டியதை அவள் இன்னும் தரவில்லை.

மறுநாள் காலையில் முதலில் நெட்டையைப் பிடித்தாள். அவன் இப்போது மூத்த மெக்கானிக். மூன்று வருடமாக அவள் மேஜைக்கு டீ கொண்டுவந்து வைப்பான், கண்ணைப் பார்க்க மாட்டான்.

"முதலாளிகிட்ட அந்த ஞாயித்துக்கிழமை விஷயத்தைச் சொல்லப் போறேன். உன் பேரும் வரும்டா."

நெட்டை டீ டம்ளரை மேஜை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தான். "சொல்லுக்கா. அந்தம்மா ரெண்டு மணி நேரத்துல வெளிய வந்துட்டாங்க. நான்தான் இன்னும் உள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கேன்."

முதலாளியின் மேஜையில் தேய்ந்துபோன கப்பிச் சக்கரம் ஒன்று இருக்கும். தாள் பறக்காமல் இருக்க வைத்தது. அவள் பேசி முடிக்கும் வரை அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"வேலை போயிடும்னு பயந்துட்டேன் சார்."

"போயிருக்காது. ரெண்டு நாள் கத்தியிருப்பேன். அப்புறம் நீ இல்லாம எனக்கு இந்த லைசென்ஸ் கர்மத்தை எல்லாம் யார் பாப்பா?"

அவள் அதற்குத் தயாராக இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இரண்டு நாள் கத்தலுக்குப் பயந்தா தம்பியை அனுப்பினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவனை அவ்வளவு கேட்டேன், ஒரு வார்த்தை பதில் சொல்லல" என்றார் முதலாளி. "திமிருன்னு நெனச்சேன்."

"திமிர் இல்ல சார். வாயத் திறந்தா என் பேரு வரும்னு நின்னிருக்கான்."

முதலாளி கப்பிச் சக்கரத்தைத் தாள்களின் மேல் திரும்ப வைத்தார். பிறகு அக்காவே சொன்னாள். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே கேட்டீங்க. நானும் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் சார்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தம்பியைப் பார்த்தே இராத புதுப் பையன்களும் அதில் இருந்தார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை எழுந்து, "லிஃப்டை விட்டுட்டுப் போனது நான்" என்றான். "உக்காருடா, கூரை இடிக்கப் போகுது" என்று முதலாளி சொல்ல, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அடுத்த வேலை சீட்டை எடுப்பது. ஆளில்லாத சீட்டுக்கு இனி விலை உண்டு. அந்த விலையைக் கம்பெனி தலையில் கட்ட அவளுக்கு உரிமை இல்லை. ஒருவரை நீக்கினால் முப்பது நாள் தவணை கொடுத்து, அதற்குள் உங்கள் பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு லாக்கரே கடிதம் அனுப்பும். அந்தக் கடிதத்தில் நீக்குகிறவர் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. இருநூறு எழுத்துதான் கொள்ளும். அக்கா எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

'சீட்டைப் பங்கு போட்டது நான்தான்னு இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். உன் பொருளை எடுத்துக்கோ. அம்மா நல்லா இருக்காங்க. அக்கா.'

தவணை முடியும் நாளும் லைசென்ஸ் முடியும் நாளும் ஒன்றாகவே வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் புள்ளி மீண்டும் பச்சையாயிற்று. அவள் கையில் பிடித்த கவளத்தோடு பார்த்தாள். பதினான்கு, பதின்மூன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு போகிறான். மெதுவாக எடு என்று மனசுக்குள் சொன்னாள். ஒன்பது, எட்டு, ஐந்து. கால் மணி நேரத்தில் பூஜ்யம். புள்ளி சாம்பலாயிற்று.

வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவனின் அறை வாசலில் நிற்பது போல அவள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்திருப்பான். படித்துவிட்டு, சொன்னபடியே பொருளை எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒன்றும் இல்லை. விற்பனைக்காரர் மறுபடி போன் செய்தார். முப்பத்தோரு தலை, அடிப்படைத் திட்டம் என்று எழுதிக்கொண்டு, "நல்ல முடிவு மேடம்" என்றார். அவள் பழக்கத்தை மட்டும் விடவில்லை. காலையில் கடைசி வரி, பிறகு கைப்பை.

வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில், அந்தப் பூஜ்யம் ஒன்றாகியிருந்தது.

முதலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு விரலைத் திரையில் வைத்துப் பார்த்தாள். ஒன்று. கடைசியாக வந்த நேரம், அதிகாலை. எடுக்கச் சொன்ன அறையில் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அது யாருக்கு என்று கேட்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. அவசர அனுமதியை அழுத்தினாள்.

அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அனுமதிக்கான தவணை ஏழு நாள். அறை இருக்கப் போவதோ ஆறு நாள். சும்மா இருந்தால் அது தானாகத் திறக்காது, அதற்கு முன்பே வெள்ளிக்கிழமை எல்லாம் அழிந்துபோகும். அவனாக வந்து 'சரி' என்று அழுத்த வேண்டும்.

ஞாயிறு ஆபீஸ் இல்லை. திங்கள் சாம்பல். செவ்வாய் சாம்பல். ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்குமா என்று விற்பனைக்காரரைக் கேட்கலாமா என்று போனை எடுத்தாள், வைத்தாள். புதனும் சாம்பல்.

"பச்சையாச்சாடி?" என்றாள் அம்மா.

"உள்ள ஏதோ ஒண்ணு வெச்சிருக்கான்மா. என்னன்னு தெரியல."

அம்மா யோசித்தாள். "வெச்சிருக்கான்ல. அது போதும்டி."

அக்காவுக்குப் போதவில்லை.

வியாழக்கிழமை மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டாள். புள்ளி சாம்பலாகவே இருந்தது. அதற்குக் கீழே செய்தி: உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. ராத்திரியே வந்து அழுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

அறை திறந்தது. உள்ளே ஒரே ஒரு குறிப்பு. அவள் முன்பின் பார்த்திராத ஒரு நாட்டின் போன் எண். அதற்குக் கீழே இரண்டு வரி.

'ஞாயித்துக்கிழமை காலைல பத்துக்கு மேலதான் ஃப்ரீ. அந்த விஷயத்தைப் பத்திப் பேச வேணாம்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். 'அக்கா' என்ற வார்த்தை அதில் இல்லை. இருந்திருக்கலாம். பரவாயில்லை.

அவள் தலைக்கு மேலே, அவளே எழுதி ஒட்டிய அட்டை ஒன்று தொங்கியது: 'எதையும் தாளில் எழுதாதீர்கள்.' எட்டு வருடமாக ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பாடம் அது. அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு துண்டுத் தாளை எடுத்து, அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக எழுதினாள். சரிபார்த்தாள். இன்னொரு தாளிலும் எழுதினாள். ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றை ரவிக்கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். டீ கொண்டுவந்த நெட்டை அதைப் பார்த்துவிட்டான். அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், டம்ளரை வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பத்திரண்டாவது சீட்டை அவளே எடுத்தாள். அழுத்தியதும் கடைசி வரி மறைந்து பட்டியல் முப்பத்தொன்றில் நின்றது. இனி காலையில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் படியிறங்கினாள்.

எண் கிடைத்ததை அவள் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"பச்சையாச்சாடி?"

"இனிமே புள்ளியெல்லாம் கிடையாதும்மா" என்று அக்கா செருப்பைக் கழற்றினாள். "நம்பர் குடுத்திருக்கான். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல பேசணுமாம். நாளைக்கு ஒரு நாள்தான் நடுவுல இருக்கு."

அம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.